ஓடைக்குப் போட்ட பந்தல்

என்னோடு ஒத்த வயதுக்காரர்களே, முதலில் காதில் செருகியிருக்கும் கருவியைச் சரிசெய்துகொள்ளுங்கள். நான் சொல்லப்போவது ஒரு சத்தத்தைப் பற்றி. என்னுடைய கருவி போன வாரத்திலிருந்து நடுநடுவே ‘தூப்’ என்று ஒரு சத்தம் போடுகிறது. பேட்டரி தீர்ந்திருக்கும் என்கிறான் கடைக்காரன். காதே தீர்ந்திருக்கும் என்கிறாள் மகள். எனக்கு மட்டும்தான் தெரியும், அது ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவில், சிகாமட் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் நான் பழக்கிய தவளையின் குரல். இத்தனை வருடம் தேடி அலைந்துவிட்டு, இருட்டாக ஒரு பொந்து கிடைத்ததே என்று கடைசியில் என் காதுக்குள் குடியேறிவிட்டது.

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் சிரிக்கிற இடமெல்லாம் முன்பக்கத்தில்தான் இருக்கிறது.

அது பெரிய தவளை இல்லை. எட்டு வயதில் என் கட்டைவிரல் எவ்வளவு இருந்ததோ அவ்வளவுதான். லவங்கப்பட்டை நிறம். முதுகில் கசகசாவைத் தூவியதுபோல வெளுத்த புள்ளிகள். கண்ணின் மேல்பாதி வெள்ளை, கீழ்ப்பாதி பழுப்பு. மத்தியானத் தூக்கத்தில் எழுப்பப்பட்ட, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் கண் மாதிரி. அதன் பெயர் எனக்குத் தெரியாது. பேத்தி கைபேசியில் முப்பது தவளைப் படம் காட்டினாள். இருபத்தொன்பதை இல்லை என்றேன். முப்பதாவது வருவதற்குள் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன்.

எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் ஒரு குன்று இருந்தது. குன்றின் அடியில் ஊற்று. ஊற்றிலிருந்து ஓர் ஓடை கிளம்பி, கூலி ஜனங்கள் குடியிருந்த லயத்து வீடுகளை ஒட்டி ஓடி, பாயாவில் போய் விழும். சதுப்பை நாங்கள் பாயா என்றுதான் சொல்வோம். ஓடையின் மேல்பாதியில் இரண்டு கரையிலும் காட்டுமரங்கள் நெருக்கமாக நின்றன. காடு முழுவதையும் வெட்டி ரப்பர் போட்ட வெள்ளைக்காரத் துரை, அந்த வரிசையை மட்டும் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார். எல்லாம் கிழட்டு மரங்கள், பொந்து விழுந்தவை. பொந்துகளில் மழைத்தண்ணீர் தேங்கி, இலை ஊறி, ஆறிப்போன தேநீரைப் போலக் கிடக்கும்.

அந்தத் தேநீர்தான் என் தவளையின் வீடு. அது தரைக்கு இறங்காது. முட்டையைக்கூடத் தண்ணீருக்குள் போடாது. தண்ணீருக்கு மேலே, பொந்தின் சுவரில், ஜவ்வரிசியை வேகவைத்து ஒட்டியதுபோல ஒட்டிவைக்கும். குஞ்சு வெளியே வந்ததும் நேராகத் தண்ணீரில் சொட்டும். ஆண் தவளை பொந்துக்குள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு பெண்ணைக் கூப்பிடும். தண்ணீர் ஏறியிருந்தால் குரல் மெலிந்து கேட்கும், வற்றியிருந்தால் தடித்துக் கேட்கும். மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம் அந்த வரிசைக்குக் கீழே நின்றால், மரத்துக்கு ஒரு சுருதியில் தூப், தூப் என்று வரும்.

அப்பா தோட்டத்தின் எண்ணெய்க்காரர். முதுகில் தகரப் பீப்பாய், கையில் குழாய். கால்வாய், குட்டை, ஓடையின் கீழ்ப்பாதி எல்லாவற்றிலும் வாரம் தவறாமல் மலேரியா எண்ணெயைத் தெளிப்பதுதான் அவர் வேலை. எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் கொசுப்புழு மூச்சுமுட்டிச் சாகும். வீட்டில் அம்மாவுக்கும் ஏறக்குறைய அதே கதிதான். “கொசுவுக்கு அடிச்சது போதும், எனக்கும் அடிக்காதீங்க. குளிச்சிட்டு உள்ள வாங்க” என்று வாசலிலேயே நிறுத்திவிடுவார். பள்ளிக்கூடத்தில் எனக்கு ‘எண்ணெய் டின்’ என்று பட்டப்பெயர். பக்கத்தில் உட்கார்ந்த ஒல்லிப் பெண்ணுக்கு நான் ‘திரி’ என்று பெயர் வைத்து, கணக்கு சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

வருடத்துக்கு ஒருமுறை டவுனிலிருந்து மலேரியா டாக்டர் வருவார். அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பா பின்னால் நடப்பார். அப்படி நடந்தே ஒரு படிப்புப் படித்திருந்தார். “காய்ச்சல் கொசு அழுக்குத் தண்ணியில முட்ட வைக்காது புள்ள” என்பார். “தெளிவா இருக்கணும், மெதுவா ஓடணும், மேல வெயில் படணும். பெரிய எடத்துப் பொண்ணு மாதிரி, எல்லாம் பாத்துத்தான் எறங்கும். நெழலா இருந்தா திரும்பிக்கூடப் பாக்காது. அதான் அந்த மரத்தையெல்லாம் வெட்டாம விட்டிருக்கு.” ஆக ஓடையின் மேல்பாதிக்கு மரம் காவல், கீழ்ப்பாதிக்கு அப்பா காவல். இந்த ஏற்பாட்டை அப்பாவையும் என்னையும் தவிர யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. நானும் பாதிதான் கேட்டேன். மீதிப் பாதி கவனம் பொந்தில் இருந்தது.

ஜப்பான்காரன் வந்தான். துரை தன் நாயைக்கூடக் கூட்டிக்கொள்ளாமல் ஒரே பகலில் போய்விட்டார். ரப்பர் வாங்க ஆளில்லை, பாலெடுக்க மரம் சீவுவது நின்றது. அரிசி நின்றது, துணி நின்றது, காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா மாத்திரை நின்றது, எண்ணெயும் நின்றது. கொட்டகையில் ஒரே ஒரு பீப்பாய் மிச்சம். அப்பா தெளிப்பதை விட்டுவிட்டு, சாக்கை எண்ணெயில் முக்கி ஓடையின் கீழ்ப்பாதியில் கல்லைக் கட்டி வைத்தார். சாக்கிலிருந்து எண்ணெய் கசிந்து மெல்லப் படரும். அப்படியே ஒரு வருடம் ஓட்டினார். காய்ச்சல் வந்தது, ஆனால் இங்கே ஒருவருக்கு அங்கே ஒருவருக்கு என்றுதான் வந்தது.

எனக்கோ அது பொற்காலம். பள்ளிக்கூடம் இல்லை. சீவாத மரங்களில் கம்பியில் தொங்கிய, பால் பிடிக்கும் கிண்ணங்களான மங்குகளில் பாலுக்குப் பதில் மழைத்தண்ணீர் நிறைந்தது. காட்டுமரத்துத் தவளைகள் பக்கத்து ரப்பர் வரிசைக்குக் குடிவந்து, மங்குக்கு ஒன்றாக உட்கார்ந்துகொண்டன. மாரியம்மன் திருவிழாவுக்கு ஒருமுறை ஜலதரங்கக்காரர் வந்திருந்தார். அதைப் பார்த்த திமிரில் நான் பதினெட்டு மங்குகளில் தண்ணீரைக் கூட்டியும் குறைத்தும் சுருதி சேர்த்தேன். என் கச்சேரிக்கு ஒரே ரசிகன் தம்பி. நான்கு வயது. ஒவ்வொரு மரமாகக் கையைக் காட்டி, “இது அப்பா தவள, இது பாப்பா தவள, இது கங்காணித் தவள” என்பான். மிகத் தடித்த குரலுக்குக் கங்காணி என்று அவன்தான் பெயர் வைத்தான். பழி முழுவதும் எனக்கே வந்துவிடக்கூடாது என்பதற்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

துரை போன பிறகு தோட்டத்துக்குப் பெரிய கங்காணிதான் எல்லாம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் எங்களை வரிசையாக நிறுத்தி, சூரியன் உதிக்கும் பக்கமாக ஜப்பான் ராஜாவுக்குக் குனியச் சொல்லி, “இச்சி, நீ, சான்” என்று ஜப்பான் பாஷையில் எண்ணுவார். ஆட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிறவர் எண்ணுவது மாதிரி இருக்கும். சயாமுக்கு ரயில்பாதை போட ஆள் அனுப்பும் பட்டியலும் அவர் கையில்தான் இருந்தது. கடைசி வீட்டு மாமா ஒருநாள், “கங்காணி குனியிறதப் பாத்தா கீழ விழுந்த பீடியத் தேடுற மாதிரி இருக்குலா” என்றார். எல்லோரும் சிரித்தோம். அடுத்த வாரம் லாரி வந்தது, மாமா ஏறினார், திரும்பவில்லை. அதற்குப் பிறகு அரிசியைப் போலவே சிரிப்புக்கும் தட்டுப்பாடு வந்துவிட்டது.

ஒருநாள் காலையில் அப்பா சாக்கு முக்கிவிட்டுப் பெரட்டுக்குத் தாமதமாக வந்தார். கங்காணி எல்லோர் முன்னாலும் கேட்டார்: “எண்ணெயே இல்லாத எண்ணெய்க்காரன் எதுக்குய்யா? உழுவாத மாட்டுக்குக் கொம்பு சீவிவிட்ட மாதிரி. போய் நாலு குழி வெட்டி மரவள்ளி நடுய்யா.” ஜனங்கள் சிரித்தார்கள். கங்காணியின் வேடிக்கைக்குச் சிரிக்கத் தடையில்லை. பழக்கதோஷத்தில் நானும் சிரித்துவிட்டேன். பிறகு பார்த்தால் அப்பாவும் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை என்னால் பொறுக்க முடியவில்லை.

கங்காணி வீட்டு முன்தாழ்வாரத்தில் மூங்கில் தூண்கள். சாயங்காலம் சாய்வு நாற்காலியைப் போட்டு அங்கேதான் உட்காருவார். ஒரு தூணின் உச்சி கூரையை முட்டாமல் வாயைத் திறந்துகொண்டு நின்றது. ஒரு மத்தியானம், அவர் வீட்டில் ஆளில்லாத நேரம், பெஞ்சைப் போட்டு ஏறி அந்த வாய்க்குள் தண்ணீர் ஊற்றினேன். கணுவுக்கு மேலே வண்டு துளைத்த ஓட்டை ஒன்று இருந்தது, அதன் வழியே ஒழுகியது. ரப்பர் மரத்தைக் கீறிக் கொஞ்சம் பால் எடுத்து, உறைந்து வரும்போது உருட்டி, ஓட்டையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். சொட்டு நின்றது. பிறகு மங்கிலிருந்து ‘கங்காணித் தவளை’யை எடுத்து உள்ளே விட்டேன். கீழே நின்று காவல் பார்த்தவன் தம்பி. காவல்காரன் முழு நேரமும் மூக்கைத் தோண்டிக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் மழை விட்டதும் கங்காணி நாற்காலியில் சாய்ந்தார். வேலை கேட்டு நாலைந்து பேர் நின்றார்கள். தற்செயலாகப் போவதுபோல நானும் போய் நின்றேன்.

“நாளையிலேர்ந்து ஆளுக்கு ரெண்டு குழி கூட வெட்டணும்” என்றார் கங்காணி.

தூப், என்றது தூண்.

“யாருடா அது?”

தூப்.

“நான் பேசுறப்ப எவன்டா சத்தம் போடுறது?”

தூப்.

நின்றவர்கள் எல்லோரும் தங்கள் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவருடைய தோள் மட்டும் குலுங்கியது. வீட்டுக்கு வந்ததும் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார். அப்பாவுக்கும் செய்தி வந்திருந்தது. “மூங்கிலுக்குள்ள அது எப்படிப் போயிருக்கும்?” என்று மட்டும் கேட்டார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

மூன்று சாயங்காலம் இப்படிப் போயிற்று. நான்காம் நாள் கங்காணியின் மனைவி குளிர்காய்ச்சலில் விழுந்தார்.

இங்கே முன்பக்கம் முடிகிறது.

நம் ஜனங்கள் காரணம் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்கள். எண்ணெய் அடித்த காலத்தில் லயத்துப் பக்கம் தவளைச் சத்தம் இல்லை, காய்ச்சலும் இல்லை. இப்போது தவளை வந்திருக்கிறது, காய்ச்சலும் வந்திருக்கிறது. கங்காணி வீட்டுக்குள்ளேயே தவளை ஏறியது, நான்காம் நாள் அந்த வீட்டிலேயே காய்ச்சல். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? கங்காணி தூணைப் பிடுங்கிப் பெரட்டுக்களத்தில் போட்டு, எல்லோர் கண் முன்னாலும் பிளந்தார். தண்ணீர் கொட்டியது. என் தவளை வெளியே விழுந்து, பாதித் தூக்கக் கண்ணோடு எங்கள் எல்லோரையும் பார்த்தது. கங்காணி மிதியடியால் மிதித்தார்.

“பாத்தீங்களா? இதுதான் எமன்” என்றார். “ஓடக்கரையில அந்தப் பொந்து மரம் பூரா இதுதான் இருக்கு. நாளைக்கே வெட்டுறோம். வெட்டின எடத்துல கிழங்கு நடுவோம். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா.”

பசித்திருந்த கூட்டத்துக்குக் கிழங்கு என்ற சொல் போதும். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்பா மட்டும் முன்னால் வந்தார்.

“ஐயா, அந்த மரத்த வெட்டாதீங்க. காய்ச்சல் தவளகிட்டேருந்து வர்ல. கொசுதான் கொண்டாருது. அந்தக் கொசு வெயில் படுற ஓட்டத் தண்ணியிலதான் முட்ட வைக்கும். மேல் ஓடையில இப்ப நெழல் இருக்கு. வெட்டினா வெயில் எறங்கிடும். அதுக்கு ஊத்த எங்கிட்ட எண்ணெய் இல்லை.”

“எண்ணெய் ஊத்துனவனெல்லாம் எப்பய்யா டாக்டர் ஆனீங்க?”

“டாக்டர் சொல்லக் கேட்டதுதான்யா. அவரும் தொரையும் சேந்துதான் அத வெட்டாம விட்டாங்க.”

“தொர எங்க இப்ப? நாய விட்டுட்டு ஓடிட்டாரு.” கூட்டம் சிரித்தது. கங்காணி குரலைத் தாழ்த்தினார். “சரி, நீயே சொல்லு. தவளைக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தம் இல்லைன்னா, இது எப்படி என் வீட்டுத் தூணுக்குள்ள வந்துச்சு? நாலாம் நாளே அவ ஏன் படுத்தா?”

தம்பி என் கையை இழுத்தான். “அக்கா, அது நம்ம தவளதானே?”

நான் அவன் தொடையில் கிள்ளினேன். தோல் கன்றும்படி அழுத்திக் கிள்ளினேன். அவன் அழவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

அப்பா பிளந்த மூங்கிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். குனிந்து, அதன் பக்கத்திலிருந்து என்னவோ எடுத்து மடியில் செருகிக்கொண்டார். பீடித் துண்டு என்று நினைத்தேன். புகையிலை கிடைக்காத காலம், கீழே கிடந்ததைப் பொறுக்குவதில் யாருக்கும் வெட்கம் இருக்கவில்லை. அப்படியே தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தார். அம்மா, தம்பி, நான். பிறகு கங்காணியைப் பார்த்து, “தெரியலைங்கய்யா” என்றார்.

“தெரியலைன்னா ஒதுங்கி நில்லு.”

அப்பா ஒதுங்கி நின்றார். நான் வாயைத் திறந்திருந்தால் போதும். ‘நான்தான் விட்டேன்’ என்று இரண்டு சொல். என் முதுகு அன்று பழுத்திருக்கும். ஆனால் தவளை தானாக வரவில்லை என்றாவது கூட்டத்துக்குத் தெரிந்திருக்கும். வாயாடி, எண்ணெய் டின், எதற்கும் பதில் வைத்திருக்கிறவள், அந்த இரண்டு சொல்லைக் கண்டுபிடிக்காமல் நின்றேன்.

மரம் வெட்ட மூன்று நாள் ஆயிற்று. ஒவ்வொரு மரமும் சாயும்போது அதன் பொந்திலிருந்து பழுப்புத் தண்ணீர் கொட்டும், அதோடு தலைப்பிரட்டைகளும் ஜவ்வரிசி முட்டைகளும். பெரிய தவளைகள் தரையில் விழுந்து அசையாமல் உட்கார்ந்திருந்தன. தரையில் என்ன செய்வது என்று அவற்றுக்குத் தெரியவில்லை. லயத்துக் கோழிகளுக்குத் தெரிந்திருந்தது. என் பதினெட்டு மங்குகளையும் கங்காணியின் ஆட்கள் கம்பியோடு பிடுங்கி எறிந்தார்கள்.

நான்காம் நாள் காலையில் மேல் ஓடையில் வெயில் இறங்கியது. அடியில் கிடந்த மணல் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பெண்களெல்லாம் போய்ப் பார்த்து, “பளிங்கு மாதிரி இருக்கு, இத்தன நாளா இருட்டுல கெடந்துச்சே” என்று மெச்சினார்கள். துணி துவைக்க அங்கேயே போகத் தொடங்கினார்கள். அப்பாவும் கரையில் நின்று அந்த மணலைப் பார்த்தார். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் அழகு என்று சொன்னதை, பிணத்தைப் பார்ப்பது மாதிரி பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

அன்றைக்கே வேலையைத் தொடங்கினார். பாயாவில் முள்ளுப்பனை ஓலை நிறைய. அதை வெட்டித் தலையில் சுமந்துவந்து, கரையில் கவைக்குச்சி நட்டு, குறுக்கே கம்பு போட்டு, ஓடைக்கு மேலே ஓலையைப் பரப்பினார். வெயில் தண்ணீரில் படக்கூடாது, அவ்வளவுதான். மேல்பாதி ஓடை மொத்தம் இருநூறு தப்படி இருக்கும். ஒரு நாளில் ஒன்றிரண்டு தப்படிதான் மூட முடிந்தது. பெண்கள் துணி துவைத்துக்கொண்டே கேட்டார்கள்:

“என்ன அண்ணே, ஓடைக்குப் பந்தல் போடுறீங்க, யாருக்குக் கல்யாணம்?”

“தவளைக்குத்தான். மாப்பிள்ளையத்தான் கங்காணி மிதிச்சிட்டாரே” என்றாள் இன்னொருத்தி.

நல்ல வேடிக்கைதான். நான் சொல்லியிருக்க வேண்டியது. அந்த மாதம் என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. ஓலை மட்டும் தூக்கினேன்.

வெட்டி மூன்றாவது வாரத்தில் காய்ச்சல் லயத்துக்குள் இறங்கியது. முன்பு மாதிரி இங்கே ஒன்று அங்கே ஒன்று இல்லை. வரிசை வீடுகளில் ஒரு கதவு விடாமல் நுழைந்தது. பிள்ளைகளைப் பகலில் விட்டுவைக்கும் ஆயாக்கொட்டகையில் பதினாறு தொட்டில் இருந்தன. கிடத்தப் பிள்ளை இல்லாமல் எல்லாத் தொட்டிலும் அவிழ்க்கப்படும் அளவுக்கு ஆயிற்று. மருந்து கொடுக்கிற டிரெசர் பப்பாளி இலையை இடித்துச் சாறு கொடுத்தார். வேறு கொடுக்க அவரிடம் கையிரண்டைத் தவிர ஒன்றுமில்லை.

தம்பிக்கு ஒன்றுவிட்டு ஒருநாள் வந்தது. வருகிற நேரம்கூடத் தவறாது, மத்தியானம் பல் கிட்டும், சாயங்காலம் நெருப்பாகக் கொதிக்கும், பிறகு வேர்த்து ஓயும். ஓய்ந்த நேரத்தில் ஒருநாள், “அக்கா, தவள ஏன் பாடல?” என்று கேட்டான்.

“தூங்குதுடா.”

“எழுப்பு.”

கரையில் எறிந்து கிடந்த மங்கு ஒன்றைத் தேடி எடுத்துவந்து, வாயை வைத்து ‘தூப்’ என்று ஊதினேன். பாப்பா தவளை, அப்பா தவளை என்று சுருதி மாற்றியும் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

“இது நீ” என்றான்.

“இல்லடா, தவளதான்.”

“நீதான். நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்.” இரண்டு கையையும் எடுத்து வாயைப் பொத்திக் காட்டினான்.

அதற்கு அடுத்த முறைக் காய்ச்சலில் போய்விட்டான். சுற்றத் துணி இல்லை. வீட்டில் இருந்த ஒரே சேலை அம்மா உடம்பில் இருந்தது. அப்பா தன் எண்ணெய்ச் சாக்குகளில் ஒன்றை ஓடையில் அடித்து அடித்துத் துவைத்தார். வாடை போகவில்லை. அதில்தான் சுற்றினோம். குழியண்டை நின்றவர்கள் எல்லோரையும் கொசு மொய்த்தது. தம்பியை ஒன்றுகூட அண்டவில்லை. இதைச் சொல்லிவிட்டுச் சிரிக்க நான் பல முறை முயன்றிருக்கிறேன், இந்த வயதுவரை வரவில்லை.

அன்று மாலை வீட்டில் அம்மா அப்பாவிடம் பேசினார். சத்தம் போடவில்லை.

“பெரட்டுல அவ்வளவு பேசினீங்களே. இன்னும் நாலு வார்த்த பேசியிருந்தா நாலு பேராவது யோசிச்சிருப்பாங்க. அவரு ஒண்ணு கேட்டதும் வாயடைச்சு நின்னீங்களே, ஏன்? அந்த ஆளுக்கு அவ்வளவு பயமா?”

அப்பா மிச்சமிருந்த எண்ணெய்ச் சாக்குகளை மடிக்கத் தொடங்கினார்.

“பயம்னாவது சொல்லுங்க.”

“ஆமா, பயந்தான்” என்றார் அப்பா.

மறுநாள் அவர் பந்தலுக்குப் போனபோது நானும் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

“அப்பா, அந்த மூங்கிலு...”

“அந்த ஓலைய எடு புள்ள.”

எடுத்துக் கொடுத்தேன். “அப்பா, கங்காணி வீட்டு மூங்கிலுல...”

“குச்சி சாயுது பாரு, பிடி.”

பிடித்தேன். மூன்றாவது முறை நான் வாயைத் திறப்பதற்குள், “தண்ணி கொண்டா, தாகமா இருக்கு” என்றார். ஓடைக்கு நடுவில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு தண்ணீர் கேட்டார். அவர் காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அதன்பிறகு முயலவில்லை. கேட்காத காதுக்குச் சொல்வானேன் என்று என் கோழைத்தனத்துக்கு நல்ல சாக்குக் கிடைத்துவிட்டது.

பந்தல் அறுபது தப்படி வந்தபோது, ஒரு காலையில் கங்காணி ஓலைக்கட்டு ஒன்றைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். முந்திய வாரம்தான் அவர் பேரக்குழந்தையைப் புதைத்திருந்தார். கட்டைக் கரையில் போட்டார். அப்பா அதிலிருந்து ஓலையை எடுத்துப் பரப்பினார். அடுத்த நாள் நாலு பேர் வந்தார்கள். பிறகு நடக்க முடிந்த எல்லோரும் வந்தார்கள். ஓடை முழுவதும் மூடப்பட்டபோது லயத்தில் பாதி வீட்டில்தான் அடுப்பு எரிந்தது. காய்ச்சல் பிறகு குறைந்தது. பந்தலால் குறைந்ததா, பிடிக்க ஆளில்லாமல் குறைந்ததா என்று எனக்குத் தெரியாது.

சண்டை முடிந்தது, துரை வந்தார், எண்ணெய் வந்தது. அப்பா மறுபடி பீப்பாயைத் தூக்கினார். அம்மா கடைசிவரை, “பேச வேண்டிய நேரத்துல பேசத் தெரியாத மனுசன்” என்றே சொல்லிவந்தார். அப்பா எதிரிலேயே சொல்வார், விருந்தாளிகளிடமும் சொல்வார். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அடுத்த வாயை எடுத்துக்கொள்வார். நானும் சேர்ந்துகொள்வேன். கல்யாணமாகிப் பத்து பாகாட் டவுனுக்கு வந்தபின், “எங்கப்பாவுக்கு ஒரு கேள்விக்குமேல கேட்டா நாக்கு சுளுக்கிக்கும்” என்று என் வீட்டுக்காரரிடம் நடித்தே காட்டியிருக்கிறேன். அப்பாவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். பெரட்டுக்களத்தில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தார்.

அம்மா முதலில் போனார். அப்பா அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்து போனார். அவருடைய சாமான்கள் ஒரு பெட்டிக்குள் அடங்கின. அடியில் பழைய வட்ட சிகரெட் டின் ஒன்று. அப்பாவோ பீடிக்காரர். உள்ளே அடையாள அட்டை, எண்ணெய்க் குழாயின் பித்தளை மூக்கு, அப்புறம் ஒரு தாளில் மடித்த, கறுத்து இறுகிப்போன ரப்பர்த் துண்டு. புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரு பக்கம் ஓட்டைக்குள் செருகிய முளைபோல நீண்டிருந்தது. மறுபக்கம் ஒரு குழி. குழிக்குள் வரிவரியாக ஒரு சின்னக் கட்டைவிரல் ரேகை.

அன்று பெரட்டுக்களத்தில் அவர் பொறுக்கியது பீடித்துண்டு இல்லை. குனிந்து எடுத்தவர் அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு ‘தெரியலை’ என்றார். தெரியும் என்று சொல்ல அவர் கையிலேயே சாட்சி இருந்தது. சொல்லியிருந்தால் எண்ணெய்க்காரன்தான் மகளை ஏவினான் என்று ஆகியிருக்கும், லாரி வந்திருக்கும், அல்லது என்னை என்ன செய்திருப்பார்களோ. மரத்தை ஒரு பக்கமும் என்னை ஒரு பக்கமும் வைத்துப் பார்த்து அவர் என்னை எடுத்துக்கொண்டார். தம்பியும் அந்த மரத்துப் பக்கத்தில்தான் நிற்கிறான் என்று அந்த நொடியில் அவருக்குத் தோன்றவில்லை. அல்லது தோன்றியதா? ஓலைய எடு, குச்சியப் பிடி, தண்ணி கொண்டா. நான் சொன்னால் அவர் தெரிந்துகொண்டதாக ஆகிவிடும். தெரிந்த ஒருவர் என் முகத்தைத் தினமும் பார்க்க வேண்டியிருக்கும். அதற்காகத்தான் முழங்கால் தண்ணீரில் நின்று தாகம் என்றார்.

அந்தத் துண்டு இப்போது என் கருவியின் பெட்டியில் இருக்கிறது, பேட்டரிகளுக்குப் பக்கத்தில். குழிக்குள் என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். நகம்கூட நுழையவில்லை. ஆனால் என் தவளையை வைத்தால் சரியாக உட்காரும். கொஞ்சம் தண்ணீர் விட்டால் போதும்.